வீட்டாய்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது: வீட்டையும் ஃபைலையும் எப்படித் தயார் செய்தீர்கள்?

பொறுமை_9 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது வருடம். தத்தெடுப்புக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் (ஒரு குழந்தையைச் சில காலம் மட்டும் வீட்டில் வைத்து வளர்ப்பது) சேர்த்தே விண்ணப்பித்திருக்கிறோம். நேற்று சமூகப் பணியாளர் போனில் பேசினார், இன்னும் மூன்று வாரத்தில் வீட்டாய்வுக்கு, அதாவது எங்களிடம் குழந்தையைத் தரலாமா என்று எங்களையும் வீட்டையும் பார்த்து அறிக்கை எழுத, வருகிறாராம். போனை வைத்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு படுக்கையறை வீடு, ஒன்றில் மாமியார் இருக்கிறார், அவருடைய அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே இருக்கும் சின்ன அறையைத்தான் குழந்தைக்கு ஒதுக்க நினைக்கிறோம். அங்கே சுவரில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. அடித்துவிடலாமா, கட்டில் வாங்கிப் போடலாமா, பொம்மைகள் வாங்கி வைக்கலாமா, ஒன்றும் புரியவில்லை. ஃபைலில் பதினொரு காகிதம் சேர்த்து வைத்திருக்கிறேன், அதில் எது இன்னும் செல்லும், எது காலாவதியாகிவிட்டது என்றுகூடத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். இதை எழுத இரண்டு நாள் தயங்கினேன். ஆறு வருடத்துக்கு முன் என் கணவர் மனச்சோர்வுக்கு எட்டு மாதம் மருந்து எடுத்துக்கொண்டார். இப்போது நன்றாக இருக்கிறார். மருத்துவப் படிவத்தில் முந்தைய சிகிச்சைகள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இதை எழுதினால் எல்லாம் போய்விடுமோ என்று பயம். எழுதாமல் விட்டுவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்கிறான் என் அண்ணன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மாடிவீட்டம்மா எழுதியது:

முதலில் மூச்சை விடுங்கள் தங்கச்சி. இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்து, இடையில் ஒரு பையனைப் பதினான்கு மாதம் வளர்ப்புப் பராமரிப்பில் வைத்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஃபைலில் ஆட்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான், தேதியில். பிறப்புச் சான்று, திருமணச் சான்று எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் மருத்துவச் சான்றும் காவல்துறைச் சான்றும் சில மாதங்களுக்குத்தான் செல்லும், அந்தக் கெடு இடத்துக்கு இடம் மாறும், அதை உங்கள் சமூகப் பணியாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் முதல்முறை ஆர்வத்தில் மருத்துவப் பரிசோதனையைத்தான் முதலில் முடித்தேன். மற்ற காகிதங்கள் வந்து சேர்வதற்குள் அது காலாவதியாகி, இரத்தம் கொடுப்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். சீக்கிரம் கெட்டுப்போகிற காகிதத்தைக் கடைசியில் வாங்குங்கள், தாமதமாக வருகிற காகிதத்துக்கு முதலில் எழுதிப் போடுங்கள். ஃபைலின் முன் அட்டையிலேயே ஒரு தாள் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் வாங்கிய தேதி, முடிகிற தேதி என்று பென்சிலில் எழுதி வைத்தேன், இரண்டாவது முறை அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது.

அடுத்தது பெயர். ஒரு சான்றில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் தந்தை பெயர் முழுதாக என்று இருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள், அல்லது இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். ஒப்புதல் கிடைத்து, எந்தக் குழந்தை எந்தக் குடும்பத்துக்கு என்று பொருத்தும் நேரத்தில் இது கிளம்பினால் மனசு தாங்காது.

காவல்துறைச் சான்று உங்கள் இருவருக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் வீட்டில் தங்கும் வயதுவந்த எல்லோருக்கும் கேட்பார்கள், மாமியாருக்கும் சேர்த்துத்தான். நீங்கள் யாராவது வேறு நாட்டில் வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் கேட்பார்கள், அது வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். வேறு நாட்டில் இருந்து தத்தெடுப்பதாக இருந்தால் காகிதங்களுக்கு அப்போஸ்டில் முத்திரையும் தேவைப்படும், அது 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் ஒருவர் காகிதத்தை இன்னொருவர் ஏற்றுக்கொள்வதற்கான முத்திரை. ஜெராக்ஸ் மூன்று செட் எடுத்து வையுங்கள், அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மனச்சோர்வு விஷயம் எனக்குத் தெரியாது. அதை அனுபவம் உள்ள வேறு யாராவது சொல்லட்டும்.


முன்னாள்_பணியாளர் எழுதியது:

பதினான்கு வருடம் வீட்டாய்வு அறிக்கை எழுதியிருக்கிறேன், இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

எழுதுங்கள் அம்மா. கட்டாயம் எழுதுங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் எத்தனையோ பேருக்கு நான் பரிந்துரை எழுதியிருக்கிறேன். நோய் வந்ததா என்று நாங்கள் தேடுவதில்லை, வந்தபோது என்ன செய்தீர்கள் என்று பார்க்கிறோம். மருத்துவரிடம் போனாரா, மருந்தை ஒழுங்காக எடுத்தாரா, வீட்டில் யாரிடம் சொன்னார், மறுபடி அந்த அறிகுறி தலைகாட்டினால் முதலில் கண்டுபிடிப்பது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிற குடும்பம் எனக்குப் பலமான குடும்பம். சிகிச்சை கொடுத்த மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, இப்போதைய நிலை என்ன என்று ஒரு பக்கம் போதும். மறைத்து, அது பின்னால் தெரியவந்தால் மனச்சோர்வு அங்கே பிரச்சினையாக இருக்காது. இவர்கள் எங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை, நாளைக்குக் குழந்தைக்கு ஒன்று என்றாலும் சொல்ல மாட்டார்கள் என்ற எண்ணம் வந்துவிடும், அதைத் துடைக்க முடியாது. உங்கள் அண்ணன் பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் தவறாகச் சொல்கிறார்.

வீட்டாய்வு என்ற பெயரைக் கேட்டு எல்லோரும் வீட்டைத் துடைக்க ஆரம்பிக்கிறார்கள். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் உடன்படிக்கையின் 15ஆம் பிரிவைப் பாருங்கள், விண்ணப்பிப்பவர்களைப் பற்றிய அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது: யார் இவர்கள், தகுதி என்ன, குடும்பப் பின்னணி, மருத்துவ வரலாறு, சுற்றியிருக்கும் மனிதர்கள், ஏன் தத்தெடுக்க நினைக்கிறார்கள், எப்படிப்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவர்களால் முடியும். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பெயிண்ட் உரிந்திருந்தால் அதில் ஒரே ஒரு கவலைதான், பழைய வீடாக இருந்து பழைய பெயிண்டில் ஈயம் இருந்தால் சின்னக் குழந்தை அந்தத் துகளை வாயில் போடும். அப்படிப்பட்ட பெயிண்டைச் சுரண்டினால் தூசி பறந்து இன்னும் ஆபத்து. அதைத் தெரிந்தவரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களை ஒன்றாகவும் தனித்தனியாகவும் உட்கார வைத்துப் பேசுவார்கள். உங்கள் சிறுவயதில் அடி வாங்கினீர்களா, அது உங்களுக்கு எப்படி இருந்தது, நீங்கள் குழந்தையை எப்படித் திருத்துவீர்கள் என்று கேட்பார்கள். ஒரு தட்டு தட்டினால்தானே வழிக்கு வரும் என்று பேச்சுவாக்கில் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே அடிபட்டு வருகிற குழந்தைக்கு அந்த ஒரு தட்டு என்பது மொத்தமும் திரும்பி வருவது. இதை வாய்ப்பாடமாக ஒப்பிக்க வேண்டாம், ஆய்வு நாளுக்கு முன்பே நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து நிஜமாகவே பேசி முடிவெடுங்கள்.


கீழ்ப்படி_அப்பா எழுதியது:

வீட்டுப் பாதுகாப்பு பற்றி நான் சொல்கிறேன். எங்கள் மகள் வருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் முட்டிபோட்டு வீடு முழுக்கத் தவழ்ந்தேன். நிஜமாகவே தவழ்ந்தேன். நின்றுகொண்டு பார்த்தபோது ஒழுங்காக இருந்த வீடு, அரை மீட்டர் உயரத்தில் வேறு வீடாக இருந்தது. மேசை முனை சரியாக என் கண்ணுக்கு நேராக வந்தது. சோபாவுக்கு அடியில் ரிமோட்டிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரி ஒன்று, எத்தனை மாதமாக அங்கே கிடந்ததோ. அது தொண்டைக்குள் போய்ச் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும் என்று படித்திருந்தேன், கையில் எடுத்தபோது விரல் நடுங்கியது. ஜன்னல் திரையின் கயிறு தரை வரை தொங்கியது, அது கழுத்தில் சுற்றிக்கொள்ளும், அன்றைக்கே வெட்டிச் சுருக்கினேன்.

புத்தக அலமாரியைச் சுவரோடு இறுக்குங்கள். குழந்தை இழுப்பறைகளைத் திறந்து படியாக்கி ஏறும், அலமாரி அப்படியே மேலே சாயும். மாடியில் பால்கனி இருந்தால் கம்பிக்குக் கம்பி இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். குளியலறையில் வாளியில் தண்ணீர் நிரப்பி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, நடை பழகுகிற குழந்தைக்கு சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும் மூழ்க, அதனால் இரவு வாளியைக் கவிழ்த்துவிட்டுத் தூங்குங்கள். ஹீட்டரை 49, 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்காதீர்கள், 60 டிகிரியில் சில விநாடிகளிலேயே குழந்தையின் தோல் ஆழமாக வெந்துவிடும். கைக்குழந்தை வரலாம் என்றால் தொட்டியோ கட்டிலோ கெட்டியான தட்டையான மெத்தையோடு, தலையணை, பஞ்சுப் பொம்மை எதுவும் இல்லாமல் இருக்கட்டும், மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, இவை எங்கே இருக்கின்றன என்று எங்களை ஆய்வு செய்தவர் கேட்டது என்னிடம் இல்லை, என் அம்மாவிடம். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

உங்கள் மாமியார் மாத்திரை எடுப்பவரா? அதைத்தான் முதலில் பாருங்கள்.


நேர்கோடு எழுதியது:

எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் எனக்கு இது சரியாகப் படவில்லை. பெற்றுக்கொள்கிறவர்கள் யாரிடமும் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கிறார்களா? உனக்கு மனச்சோர்வு இருந்ததா, உன் அப்பா உன்னை அடித்தாரா என்று யாராவது கேட்கிறார்களா? குழந்தை இல்லாத வலியே போதாதா, இவ்வளவு பேர் முன்னால் நம்மைப் பிரித்துப் போட்டுக் காட்ட வேண்டுமா? எங்கள் விண்ணப்பம் இரண்டு வருடமாக நிற்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறைகிறது என்கிறார்கள். அந்த இரண்டு வருடமும் ஏதோ ஒரு குழந்தை விடுதியில்தானே வளர்கிறது?


முன்னாள்_பணியாளர் எழுதியது:

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது ஐயா. தாமதம் அநியாயம்தான், அதை நியாயப்படுத்த மாட்டேன். குடும்பத்துக்காகக் காத்திருக்கிற குழந்தைக்குக் காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ருமேனியாவின் புக்கரெஸ்டில் நடந்த ஆய்வே சாட்சி. காப்பகங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பம் கிடைக்கச் செய்து பல வருடம் கவனித்தார்கள், குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது, இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள். ஆகவே ஒவ்வொரு மாதமும் கணக்கில் உண்டு.

ஆனால் சோதனையே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். பெற்ற குழந்தைக்கு முதல் பிரிவு நடக்கவில்லை, இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே ஒருமுறை நடந்துவிட்டது. இரண்டாவது முறை நடக்காமல் பார்ப்பது எங்கள் கடமை. நான் அனுப்பிய ஒரு குழந்தை மூன்றே மாதத்தில் திரும்பி வந்தது, அந்தக் குடும்பத்தில் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருந்தது. அது இன்னும் எனக்குள் இருக்கிறது.


இழுப்பறை எழுதியது:

நான் இங்கே எழுதுவது குறைவு. ஏழு வயதிலிருந்து பதினேழு வரை வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவன், மொத்தம் நான்கு வீடு. நேர்கோடு அண்ணன் கேட்டதற்குப் பதிலாக ஒன்று சொல்லட்டுமா? மூன்றாவது வீட்டில் யாரும் ஒழுங்காகச் சோதனை செய்யவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

நான்காவது வீட்டைப் பற்றி எழுதுகிறேன். என் துணியெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில்தான் வந்தது, முந்தைய மூன்று வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். உள்ளே போனதும் அந்த அம்மா பையைக் கையில் வாங்கவில்லை. ஒரு மர மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து காட்டினார், உள்ளே ஒன்றுமே இல்லை, புது மரத்தின் வாசனை மட்டும். இது உன்னுடையது, நாங்கள் யாரும் திறக்க மாட்டோம், நீ எப்போது வேண்டுமானாலும் அடுக்கு என்றார். நான் ஒரு மாதம் அடுக்கவில்லை. பையோடேயே படுத்தேன். அந்தப் பையைத் தூக்கிப் போடலாமா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தலையணைக்கு அடியில் நான் சாப்பாட்டை ஒளித்து வைத்ததைப் பார்த்தபோதும் திட்டவில்லை, மூடி போட்ட ஒரு டப்பாவை மட்டும் கட்டில் பக்கத்தில் வைத்தார், அதில் எப்போதும் ஏதாவது இருக்கும்.

அதனால் பொம்மைகளால் அறையை நிரப்பாதீர்கள் அக்கா. வருகிறவனுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ராத்திரி விளக்கு ஒன்று வையுங்கள், கழிவறைக்குப் போகிற வழி தெரிகிற மாதிரி. கதவு உள்ளே இருந்து சாத்திக்கொள்ளும்படி இருக்கட்டும், ஆனால் வெளியே தாழ்ப்பாள் இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஒரு இழுப்பறையைக் காலியாக வையுங்கள். என் அம்மா படத்தை வைக்க ஒரு இடம் வேண்டும் என்று நான் கேட்டேன், அவர் தன் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தார்.

நேர்கோடு அண்ணா, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் காத்திருக்கிற மாதிரி எனக்காக யாராவது காத்திருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.


நேர்கோடு எழுதியது:

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள். எங்கள் அறையில் வெளித் தாழ்ப்பாள் இருக்கிறது. இப்போதே கழற்றுகிறேன்.


பொறுமை_9 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி என்று சொன்னால் அது போதாது. இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கணவரிடம் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்து, நானே என் கையால் எழுதுகிறேன் என்று படிவத்தை வாங்கிக்கொண்டார். பழைய மருத்துவரைப் பார்க்க நாளை போகிறோம். அத்தையின் மாத்திரை டப்பா அவர் தலைமாட்டில்தான் இருக்கும், கிழமை எழுதிய ஏழு அறை, மூடி நகத்தால் தட்டினாலே திறந்துகொள்ளும். பூட்டுப் போட்ட பெட்டிக்கு மாற்றலாமா அத்தை என்று தயங்கித்தான் கேட்டேன், சாவியை என் கழுத்துச் செயினில் கோத்துக்கொள்கிறேன் என்றார், அவ்வளவு எளிதாக முடிந்தது.

இப்போது இரண்டு சந்தேகம். எந்த வயது, எப்படிப்பட்ட உடல்நிலை, எத்தனை பேர் என்று டிக் போடச் சொல்லி நான்கு பக்கத் தாள் வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் சரி என்று போட்டால்தான் நம்மை நல்லவர்கள் என்று நினைப்பார்களா? அப்புறம், தத்தெடுப்பு, வளர்ப்பு இரண்டையும் சேர்த்துக் கேட்டது தவறா?


மாடிவீட்டம்மா எழுதியது:

அந்த நான்கு பக்கம்தான் எல்லாக் காகிதத்திலும் கஷ்டமானது. எல்லாவற்றுக்கும் டிக் போடாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நோய் உள்ள பிள்ளையை வளர்க்கிற ஒருவரிடமாவது பேசுங்கள், காலை எழுந்ததிலிருந்து இரவு வரை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். முடியாது என்று எழுதுவதில் அவமானம் எதுவும் இல்லை, முடியும் என்று எழுதிவிட்டுப் பின்வாங்கினால்தான் ஒரு பிள்ளை உடையும். உடன்பிறந்தவர்கள் என்ற வரியில் மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பாசத்தோடு ஒன்றாக வளர்ந்த உடன்பிறப்புகளைப் பிரிக்கக் கூடாது என்பதுதான் மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரிடம் இல்லாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது) பற்றிய ஐ.நா. 2009 வழிகாட்டுதலின் கொள்கை, ஆனால் இரண்டு பேருக்கு இடம் இருக்கிற வீடு கிடைக்காமல்தான் பிரிக்கிறார்கள்.

இரண்டையும் கேட்டது தவறில்லை, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. வளர்ப்புப் பராமரிப்பில் பெரும்பாலும் நோக்கம் பிள்ளை பெற்ற குடும்பத்துக்குத் திரும்புவதுதான். என் வீட்டில் இருந்த பையன் பதினான்காவது மாதம் அவன் அம்மாவிடம் போனான். அவள் வந்து பார்க்கிற நாட்களில் நான் அவனுக்குத் தலை சீவி, அவளுக்குப் பிடித்த சட்டையைப் போட்டு அனுப்புவேன். போன அன்று அழுதேன், இன்னும் அவன் பிறந்தநாளுக்குப் பேசுவோம். தத்தெடுப்புக்கான குறுக்குவழி என்று நினைத்து வளர்ப்புக்கு வந்தால், அந்தத் தாய் தேறி வருவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள், பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். இதை இருவரும் பேசிக்கொள்ளுங்கள், முடியாது என்று தோன்றினால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.


முன்னாள்_பணியாளர் எழுதியது:

பணம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கும். பணக்காரர்களா என்று பார்ப்பதில்லை. வரவு, செலவு, கடன் மூன்றும் தெளிவாக இருக்கிறதா, ஒரு மாதம் வேலை போனால் வீடு ஓடுமா என்றுதான் பார்ப்போம். கடனை மறைக்காதீர்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போக வேண்டாம். உங்களைக் குழந்தைகளோடு பார்த்தவர் எழுதட்டும். இவர் என் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது மூன்று இரவு விழித்திருந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய ஒரு கடிதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, இவர் சிறந்த பண்பாளர் என்று முத்திரையோடு வந்தவை எதுவும் நினைவில்லை.


பொறுமை_9 எழுதியது:

இன்று வந்து போனார். எழுதுவதற்குக் கை இன்னும் நடுங்குகிறது. இரண்டே முக்கால் மணி நேரம். சமையலறையில் எந்த அலமாரியும் திறக்கவில்லை, மருந்து எங்கே என்று மட்டும் கேட்டார், அத்தை செயினை எடுத்துச் சாவியைக் காட்டினார். சின்ன அறையில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு, என்னையும் உட்காரச் சொன்னார். அங்கே கட்டில், விளக்கு, காலியான ஒரு இழுப்பறை மேசை, அவ்வளவுதான் வைத்திருந்தோம். இது ஏன் காலி என்று கேட்டார், நான் இங்கே படித்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

கணவரோடு தனியாகப் பேசினார். மறுபடி அந்தச் சோர்வு வந்தால் முதலில் யாருக்குத் தெரியும் என்று கேட்டாராம். என் மனைவிக்கு, நான் காலையில் ரேடியோ போடாமல் இருந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று சொன்னாராம். எனக்கே அது அவர் சொல்லித்தான் தெரியும், ஆமாம், அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

நான்கு பக்கத் தாளில் ஐந்து முதல் ஒன்பது வயது, உடன்பிறந்தவர் இருந்தால் இரண்டு பேர் வரை என்று போட்டோம். வளர்ப்பையும் அப்படியே வைத்துக்கொண்டோம், பேசித்தான் முடிவெடுத்தோம். இன்னும் இரண்டு முறை வருவாராம். மருத்துவர் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் முத்திரை விழவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார், நாளை காலை அதை வாங்கி வர வேண்டும். இழுப்பறை தம்பி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்த டப்பாவில் முதல் நாள் என்ன வைத்திருந்தார்?


இழுப்பறை எழுதியது:

பிஸ்கெட் அக்கா. கூடவே ஒரு தாளில் என் பெயர் எழுதி மேலே ஒட்டியிருந்தது.